தூத்துக்குடி – யாழ்ப்பாணம்: வான்வழித் தூரம், பயண நேரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரில் பஸ், ரயில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நம்முடையது. "அண்ணே, தூத்துக்குடியிலருந்து யாழ்ப்பாணம் வெறும் 49 நிமிஷம்னு போட்டிருக்கான், ஒரு டிக்கெட் போடுங்க" என்று போனை நீட்டிக்கொண்டு யாராவது வராத வாரம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வான்வழித் தூரமெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானே போட்ட கணக்கு. ஒன்றிரண்டு கி.மீ. முன்பின் இருக்கலாம்.

தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வான்வழியில் எவ்வளவு தூரம்?

தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்குள் இல்லை. மேற்கே வாகைகுளத்தில் இருக்கிறது. யாழ்ப்பாண விமான நிலையமும் அப்படித்தான், ஊருக்கு வடக்கே பலாலியில். இந்த இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 254 கி.மீ. கடல் மைலில் சொன்னால் 137.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கடைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் வாகைகுளத்தில் ஒரு குண்டூசி, பலாலியில் ஒரு குண்டூசி குத்தி, தையல் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நூல் தூத்துக்குடிக்குச் சற்று வடக்கே கடலில் இறங்குகிறது. கீழக்கரைக்குத் தெற்கே தீவுகள் இருக்கும் பக்கமாக மன்னார் வளைகுடாவைக் கடந்து, நேராக மண்டபத்தின் தலைமேல் ஏறுகிறது. அப்புறம் பாக் நீரிணை. கச்சத்தீவைத் தெற்கே ஒதுக்கிவிட்டு, ஊர்காவற்றுறை வழியாகப் பலாலி. பாதித் தூரம் எங்கே விழுகிறது என்று அளந்தால், நம் பக்கத்து ஊர் வேதாளைக்கு மேற்கே கரையை ஒட்டி. அதாவது இந்த இரண்டு ஊருக்கும் சரிபாதியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கமும் நேராகப் போக முடியாமல் இருப்பவர்கள் நாம்தான்.

போனில் காட்டும் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? நாமே போடலாமா?

தாராளமாகப் போடலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதே இல்லை, படகில் ஜி.பி.எஸ். பெட்டியில் டிகிரி, மினிட் என்று ஓடுவது அதேதான். வடக்கு தெற்காக ஒரு மினிட் நகர்ந்தால் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. விமானக்காரர்களும் கடல் மைலில்தான் அளக்கிறார்கள். கிழக்கு மேற்காக நகர்ந்தால் ஒரு மினிட் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. நம் பக்கம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் குறைவது நூற்றுக்கு ஒன்றரைகூட இருக்காது. 0.987-ஆல் பெருக்கினால் போதும்.

வாகைகுளம்: 8 டிகிரி 43.5 மினிட் வடக்கு, 78 டிகிரி 1.5 மினிட் கிழக்கு. பலாலி: 9 டிகிரி 47.5 மினிட் வடக்கு, 80 டிகிரி 4 மினிட் கிழக்கு. வடக்கே போக வேண்டியது 64 மினிட். கிழக்கே 122.5 மினிட்; 0.987-ஆல் பெருக்கினால் 121. இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான். 64-இன் வர்க்கமும் 121-இன் வர்க்கமும் சேர்ந்து 18,737. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 137 கடல் மைல். 1.852-ஆல் பெருக்குங்கள், 254 கி.மீ. வந்துவிடும்.

பெரிய தூரத்துக்கு, துபாய், லண்டன் என்றால், இந்தக் குறுக்குவழி தப்பாகப் போகும். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். பாக் நீரிணையைத் தாண்ட இது போதும்.

அப்படியானால் அந்த 49 நிமிடம்?

அது விமானத்தின் நேரம் இல்லை, சூத்திரத்தின் நேரம். இப்படித் தூரம் காட்டும் பக்கங்களில் பல, எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் ஒரு பெரிய ஜெட் மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டு, ஏற இறங்க ஒரு அரை மணி கூட்டுகின்றன. 254-ஐ 805-ஆல் வகுத்தால் 19 நிமிடம். அரை மணி சேர்த்தால் 49. அங்கே விமானம் ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

யாழ்ப்பாணத்துக்குப் பறப்பவை ஏ.டி.ஆர். 72 ரகம். எழுபது சொச்சம் இருக்கை, இறக்கைக்கு ஒரு பங்கா, அதாவது சுழலும் விசிறி. உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போது மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான் போகும். இவ்வளவு குட்டித் தூரத்தில் அந்த வேகத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டில் 184 கி.மீ.தான், அதற்கே கால அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. இது கதவை மூடிக் கிளம்பி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், பறந்து, இறங்கி, நிற்குமிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம். அந்தக் கணக்கில் பார்த்தால், நாளைக்கே வாகைகுளம்–பலாலி விமானம் விட்டாலும் ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் குறைத்துப் போட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

நேரடி விமானம் உண்டா?

இல்லை. தூத்துக்குடியிலேயே ஏறுவேன் என்று அடம்பிடித்தால் சென்னை போய் மாற வேண்டும். வாகைகுளம்–சென்னை 530 கி.மீ., சென்னை–பலாலி 356 கி.மீ. ஆக 886. நேர்த் தூரத்தைப்போல மூன்றரை மடங்கு. நம் தலைக்கு மேலே போக வேண்டிய பயணம் வடக்கே மீனம்பாக்கத்தைத் தொட்டுவிட்டு வருகிறது.

உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறதே, அங்கே ஏற முடியாதா?

முடியாது. அது கடற்படையின் விமானத் தளம், ஐ.என்.எஸ். பருந்து. 2009-இல் அந்தப் பெயரோடு முறையாகத் தொடங்கப்பட்டது. ஆளில்லா விமானங்களின் இரைச்சல் உச்சிப்புளித் தென்னந்தோப்புகளில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ராமநாதபுரத்தின் பெயரும் இடம்பெற்றது. ஆனால் கட்டணம் கட்டி ஏறும் பயணிகள் விமானம் இன்னும் வரவில்லை.

ஆசைக்காகக் கணக்கு மட்டும் சொல்கிறேன். உச்சிப்புளியிலிருந்து பலாலி 71 கடல் மைல், 131 கி.மீ. ராமநாதபுரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குப் பஸ்ஸில் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

நம் கரையில் ஒருவர் கடலைத் தாண்டிப் பறந்து வந்து இறங்கியதும் உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் மோடி இலங்கையின் அனுராதபுரத்திலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம் வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார். அனுராதபுரம்–மண்டபம் நேர்க்கோட்டில் சுமார் 180 கி.மீ. அதைக் கேட்டுவிட்டு "அந்த மாதிரி ஒரு டிக்கெட்" என்று கேட்டவர்களும் உண்டு. கேலிக்குத்தான்.

சின்ன விமான நிலையம் என்றால் ஏன் பங்கா வைத்த விமானமே வருகிறது?

ஓடுபாதையின் நீளம்தான் காரணம். பலாலியை 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது பயன்படுத்தக்கூடிய நீளம் சுமார் 1,400 மீட்டர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட களம் அது. வாகைகுளத்திலும் முன்பு 1,350 மீட்டர்தான். ஆட்களை நிறைத்துக்கொண்டு வரும் ஏர்பஸ் மாதிரி ஜெட்டுக்கு அது போதாது, ஏ.டி.ஆருக்குப் போதும். இப்போது வாகைகுளத்தில் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், புதிய முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. எனவே ஒரு பக்கத் தடை போய்விட்டது. மறுபக்கத்தில் எவ்வளவு பேர் ஏறுவார்கள் என்பதை விமானக் கம்பெனிக்காரன்தான் பார்ப்பான்.

சரி, மண்டபத்திலிருந்து இப்போது எப்படித்தான் யாழ்ப்பாணம் போவது? மொத்தம் எவ்வளவு நேரம்?

இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள்.

இப்போதைக்கு நமக்கு வசதி திருச்சி. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் நேரடியாக விடுகிறது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், தேவிபட்டினம், தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி சுமார் 200 கி.மீ., காரில் நாலு மணி நேரம். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நன்மை: திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே, ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடும். பஸ்ஸில் போனால் மத்திய பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பி வராதீர்கள். கண்டக்டரிடம் "ஏர்போர்ட்" என்று சொல்லி முன்னாலேயே இறங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம் முடித்து வெளியே வர முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாணம் ஊருக்குள் பதினேழு கி.மீ. போல, அரை மணி, முக்கால் மணி. கூட்டிப் பாருங்கள், வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலேயே ஆகிறது. மண்டபத்துக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கும் நேர்த் தூரம் 107 கி.மீ.! அந்த ஒன்பது மணியில் விமானம் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. டிக்கெட்டில் பத்து நிமிடம் குறைவான விமானம் எது என்று தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, ராமநாதபுரத்தில் டீ குடிக்க நிற்காதீர்கள், அதைவிட அதிகமாக மிச்சமாகும்.

பாம்பனுக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடம், ராமேஸ்வரத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவும் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாளில் என்றால் ஒன்று போதாது. நானே ஒரு முறை ஏமாந்தேன். தங்கச்சிமடத்துக் குடும்பம் ஒன்றுக்கு நாலு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், காலண்டரைப் பார்க்காமல். அன்று ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்துக்கு வந்த வண்டியெல்லாம் பாலத்து மேலேயே நிற்கிறது, பாதிப்பேர் இறங்கி ரயில் பாலத்தைப் பார்த்து செல்பி எடுக்கிறார்கள். "அண்ணே, கடல் தெரியுது, மண்டபம் தெரியுது, வண்டிதான் நகரல" என்று போன் வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. விமானம் போய்விட்டது. தப்பு என்னுடையது. அதிலிருந்து டிக்கெட் மானிட்டருக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

மதுரை பக்கம்தானே, அங்கிருந்து போகலாமா?

கொழும்புக்கு என்றால் போகலாம். மண்டபத்திலிருந்து மதுரை விமான நிலையம் மூன்று மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கு, சரியாகச் சொன்னால் கட்டுநாயக்கவுக்கு, 355 கி.மீ. கீழக்கரைக்காரர்கள் வியாபாரத்துக்குப் போய்வருவது பெரும்பாலும் இப்படித்தான். யாழ்ப்பாணம் போகிறவர் கொழும்பில் இறங்கினால், அப்புறம் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு ராத்திரி.

மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன என்பது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். மதுரை விமான நிலையத்திலிருந்து நேர் கிழக்கே 217 கி.மீ. பறந்தால் பலாலி.

டி.சி.ஆர். என்று போட்டால் திருச்சூர் வருகிறதே?

ரயில்வேயில் டி.சி.ஆர். என்றால் திருச்சூர். விமானத்தில் டி.சி.ஆர். என்றால் தூத்துக்குடி. திருச்சிக்கு விமானக் குறியீடு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., யாழ்ப்பாணத்துக்கு ஜே.ஏ.எஃப். டிக்கெட்டில் முதலில் இந்த மூன்றெழுத்தைப் பாருங்கள், அப்புறம் விலையைப் பாருங்கள்.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் நம் நேரத்தையே வைத்திருக்கிறது. அதற்கு முன்பு அரை மணி முன்னால் இருந்தார்கள். பழைய நினைப்பில் சில பெரியவர்கள் இன்னமும் அரை மணி கூட்டிச் சொல்வார்கள்.

காற்றால் நேரம் கூடுமா, குறையுமா?

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் போகும்போது பின்னால் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 40 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். ஏறி இறங்குவதை விட்டுவிட்டு, 500 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் பறப்பதாகக் கணக்குப் போட்டால், 254 கி.மீ. போக 28 நிமிடம், திரும்பி வர 33. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் வேறு கதை. மேகம் தாழ்ந்து ஓடுபாதை தெரியாவிட்டால் விமானம் மேலேயே வட்டமடிக்கும், இல்லை கிளம்பிய ஊருக்கே திரும்பும். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னதும் பாம்பனில் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா, அந்த வாரத்தில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே போய்ச் சேர்வது நல்லது.

முன்பெல்லாம் எப்படிப் போனார்கள்?

தனுஷ்கோடி இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின், சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. இலங்கையில் போர் மூண்டதும் எண்பதுகளில் அதுவும் நின்றது.

விமானமும் புதிதல்ல. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்புக்குப் பக்கத்திலிருக்கும் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. டக்கோட்டா ரக விமானம். அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம் என்பது இதே பலாலிதான். நம் காலத்தில் 2019-இல் சென்னை–யாழ்ப்பாணம் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கியது.

கப்பல்?

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை, 2023 அக்டோபர் 14-இல் தொடங்கினார்கள். சுமார் நாலு மணி நேரக் கடல் பயணம். கடல் பொங்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வருமா?

2025 மார்ச் மாதத் தமிழ்நாடு பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்குப் புதிய விமான நிலையம் என்று அறிவித்தார்கள். வந்தால் முதலில் சென்னைக்கு விடுவார்கள்; வடநாட்டு யாத்ரீகர் கூட்டம் அப்படி. யாழ்ப்பாணத்துக்கு விட, குடியகல்வு, சுங்கம் எல்லாம் உட்கார வேண்டும். நான் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

பாஸ்போர்ட் வேண்டுமா?

கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். வேண்டும். பக்கத்துக் கரை என்றாலும் வெளிநாடு. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியையும் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

சாமான் என்னென்ன கொண்டுபோகலாம்?

எடை வரம்பு டிக்கெட்டிலேயே இருக்கும். நம் பக்கத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வது கொப்பரையில். உச்சிப்புளித் தோப்புக் காய் என்று ஆசையாக எடுத்து வருவார்கள். உலர்ந்த கொப்பரை எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் தடை செய்திருக்கிறார்கள். எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

கருவாடு கொண்டுபோகிறவர்கள் போகுமிடத்துச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கட்டுவதும் முக்கியம். தங்கச்சிமடத்துப் பெரியம்மா ஒருவர், தங்கச்சியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக் குருநகர் போகக் கிளம்பி, நெத்திலிக் கருவாட்டைச் சாக்கில் கட்டிக் கடையில் கொண்டுவந்து வைத்தார். ஃபேன் போட்டதும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று பாலிதீன் பை, மேலே செய்தித்தாள், அதற்கும் மேலே பிளாஸ்டிக் டப்பா என்று மூடி, கொக்கித் தராசில் மாட்டினோம். நாலரைக் கிலோ.

"தம்பி, இந்தா அங்கிட்டு ராத்திரியில வெளிச்சம் தெரியுது. இதுக்கு எதுக்குய்யா திருச்சிக்குப் போகணும்?" என்றார். நான் நூல் கட்டிய வரைபடத்தைக் காட்டினேன். நூலை விரலால் ஒரு முறை சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் யாழ்ப்பாண நம்பரிலிருந்து போன். "ஏறி உக்காந்து, சன்னல் வழியா நம்ம பாலம் தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்குறதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாய்ங்க." திருச்சி விமானம் நம் பக்கமே வராது என்பதை நான் சொல்லவில்லை. கருவாடு வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டேன். சேர்ந்துவிட்டதாம்.